மூன்றாவது தூண்

பாலத்தைச் செப்பனிட வந்த ரயில்வே கூலி ஒச்சாண்டியின் கடப்பாரை விழுந்ததும், விரிசல் விட்டிருந்த மூன்றாவது தூணின் வெளிப்பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு கை எலும்பு எட்டிப் பார்த்தது.

1974. தேனிக்கும் போடிக்கும் நடுவே கள்ளியோடை ரயில் பாலம். நாலு தூண் பாலம்தான். கதை மட்டும் பெரிசு. வெள்ளைக்காரன் கட்டியபோது முதல் தூண் நிற்கவே இல்லையாம்... ஓர் உயிரைக் கொடுத்த பிறகுதான் நின்றதாம். அதனால் ஊர் இன்றைக்கும் முதல் தூணுக்குக் கிடா வெட்டுகிறது.

எலும்புக்கூடு முழுதாக வெளியே வந்தபோது கீழே கூட்டம் கூடியிருந்தது.

"வெள்ளைக்காரன் குடுத்த நரபலி இதுதான் ஐயா," என்றார் பழைய ரயில்வே கான்ட்ராக்டர் சுயம்புலிங்கம். "கேஸ் எதுக்கு? புதைச்சிருவோம்."

இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்து நசுக்கினார். மணலாக உதிர்ந்தது.

"வெள்ளைக்காரன் கட்டுனது கல்லும் சுண்ணாம்பும். அது உள்ள அப்படியே இருக்கு. எலும்பு இருந்தது வெளிப்பக்க கான்கிரீட்டுல. யுத்தத்துல கழட்டுன தண்டவாளத்த அம்பத்து நாலுல திரும்பப் போட்டப்பதான், இந்தத் தூணச் சுத்தி கான்கிரீட் போட்டாக. யாரு கான்ட்ராக்ட்?"

சுயம்புலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"என்... என்னோடதுதான்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கம்மாள் வந்தாள். புருஷன் ஓடிப்போனவள் என்று இருபது வருஷமாக ஊர் பேசிய பேச்சைச் சுமந்தவள். எலும்புக்கூட்டின் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைத் தொட்டாள்.

"எங்க வீட்டுக்காரகளது. அறுந்த எடத்துல செம்புக்கம்பி போட்டு முறுக்குனது நான்தான்..."

மெதுவாக சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"கூடலூர்ல ஒருத்தியோட ஜீப்பு ஏறுனாகன்னு நீங்கதான சொன்னீக?"

"தூரத்துல பாத்தது ஆத்தா. ஆள் மாறியிருக்கும்."

அவள் புருஷன், கொத்தனார் சின்னக்கருப்பு எங்கேயும் ஓடவில்லை. இங்கேயேதான் நின்றிருக்கிறான். தலைக்கு மேல் தினமும் ரயில் போய் வந்திருக்கிறது.

ஞானசிகாமணி நிதானமாகக் கேட்டார்.

"ஆடி அமாவாசைக்கு இந்தத் தூணடிக்கு வந்து எள்ளும் தண்ணியும் இறைக்கிறீகளாமே? ஒச்சாண்டி சொன்னான்."

"பாலத்துக்கு ஒரு மரியாதைங்க. ஊரே செய்யுது."

"ஊரு முதல் தூணுக்குக் கிடா வெட்டுது. எள்ளு செத்தவகளுக்கு இறைக்கிறது. மூணாவது தூணுல செத்தவக இருக்காகன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

போடி ரயில் தூரத்தில் கூவியது. சுயம்புலிங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கனவுல வந்து நின்னான் ஐயா... பயத்துல இறைச்சேன். சிமெண்ட்டக் குறைக்கிறீகன்னு ஆபீஸ்ல சொல்லப் போறேன்னான். மண்வெட்டியால ஒரே அடிதான்..."

மொக்கம்மாள் அழவில்லை. எலும்புக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இருபது வருசமா உங்கள வைஞ்சுக்கிட்டே இருந்தேனே..."

ஞானசிகாமணி விலங்கை மாட்டினார்.

"சின்னக்கருப்ப உள்ள வச்சு மூடுனப்பவாவது சிமெண்ட்டச் சரியாக் கலந்திருந்தீகன்னா, அவன் வெளிய வந்திருக்கவே மாட்டான், கான்ட்ராக்டரே."