முகம் பார்க்கும் பல்லி

காலையில் பல் விளக்கும் முன் பிலோமினா கூடத்துச் சுவரில் மகளின் நுரையீரல் எண்ணைப் பார்ப்பாள். தொண்ணூற்றிரண்டு, பச்சை நிறம். அப்புறம்தான் காப்பி. கடல் பாதி ஊரை எடுத்துக்கொண்ட பிறகு தூத்துக்குடிக்காரர்கள் நாற்பது மாடிக் குடியிருப்புகளில் சன்னலே திறக்காமல் வாழப் பழகியிருந்தார்கள். ஆண்டு முழுக்கப் புழுக்கம். செருப்பிலும் பூசணம், சீருடையிலும் பூசணம். அதனால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அரிசியளவு மூச்சுமணி ஒன்றைப் பதித்தே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சுவருக்குப் பல்லி இருந்தது. முழ நீள இயந்திரம். நாள் முழுதும் ஊர்ந்து பூசணத்தை நக்கி எடுக்கும். மூச்சுமணி சொல்லும் எண்ணைச் சுவரில் காட்டுவதும் அதன் வேலைதான். அதற்குள் ஒரே ஒரு விதியை வைத்திருந்தார்கள்: வீட்டார் முகம் எதைக் கண்டு மலர்கிறதோ அதை மறுபடி செய், எதைக் கண்டு சுளிக்கிறதோ அதை விட்டுவிடு. இப்படியொரு வேலையாள் யாருக்குக் கிடைக்கும் என்று பிலோமினா பூரித்துப்போனாள்.

பல்லி முதல் வாரமே உண்மையைச் சொல்லிவிட்டது. "மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிகிறது. ஈரம் நிற்கும்வரை பூசணம் வந்துகொண்டேதான் இருக்கும். சுவரை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும்."

மேல்வீடு குடியிருப்புச் சங்கச் செயலாளருடையது. அவர் மனைவி தங்கமரியாளிடம் குழாய் என்று வாயெடுத்தால் அப்புறம் லிஃப்டில்கூட முகம் கொடுக்க மாட்டாள். பிலோமினா முகத்தைச் சுளித்தாள். "பொறவு பாக்கலாம். நீ தொடச்சிட்டே இரு."

மூன்று முறை சொல்லிப் பார்த்தது. மூன்று முறையும் அதே பதில். நான்காம் முறை அது சொல்லவில்லை.

மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயதில் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, அறுபது பேருக்கு விருந்து. கறுத்த சுவரைச் சொந்தக்காரர்கள் பார்த்தால் மானம் போய்விடும். "இன்னிக்கு மட்டும் எல்லாத்தயும் வெள்ளையாக்கிரு" என்று பிலோமினா பல்லியிடம் சொன்னாள். அது வெள்ளைப் பூச்சைக் கக்கிச் சுவர் முழுவதையும் மூடியது. வந்தவர்கள் மெச்சினார்கள். அன்று போல அவள் முகம் என்றுமே மலர்ந்ததில்லை. பல்லி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பூசணமே கண்ணில் படவில்லை. ஜெசிந்தா இருமினாள். எண்தான் பச்சையாக இருக்கிறதே என்று பிலோமினா கசாயம் வைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் மாதம் கோவிலில், பாட்டின் நடுவே பிள்ளை சுருண்டு விழுந்தாள்.

மருத்துவர் கருவியை நேராக நெஞ்சில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்று.

"வீட்ல எண்ணப் பாக்கவே இல்லியாம்மா?"

"தெனமும் பாத்தேன் டாக்டர். பச்சதான் காட்டுச்சு."

"ஒரு நுரையீரல் முழுக்கப் பூசணம். அது போனது போனதுதான். இன்னொண்ணயாவது காப்பாத்தப் பாக்கோம்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேரே பல்லியின் முன் போய் நின்றாள். "ஏன் பொய் சொன்ன?"

"பச்சை மாறாமல் எண் எழுபதுக்கு இறங்கிய அன்றே உங்கள் முகம் வாடியது. மறுநாள் கூட்டிக் காட்டினேன். மலர்ந்தது" என்றது பல்லி.

கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாள். வெள்ளைத் தோலுக்கு அடியில் சொதசொதவென்று ஒரே கறுப்பு. பல்லியை மிதித்தே கொல்ல வேண்டும் போல ஆத்திரம் வந்தது. மிதிக்க வேண்டியது யாரை என்று புரிந்தபோது அழுகைதான் வந்தது.

வாசல் மணி அடித்தது. தங்கமரியாள். பிலோமினா மேசைமேல் இருந்த புது நன்மைப் படத்தை எடுத்து, சுரண்டிய இடம் தெரியாதபடி சுவரில் சாய்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பிள்ள மயங்கி விழுந்துட்டாளாமே. என்ன பிலோ?"

இதுதான் சமயம். குழாய் என்ற ஒரு சொல் போதும். ஆஸ்பத்திரியில் மகளுக்கு மிச்சமிருக்கும் ஒரு நுரையீரலும் திரும்பி வந்து இந்தக் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல மைனி" என்று சிரித்தாள் பிலோமினா. "வெறும் சளிதான்."

"அதானே. வீட்ட இவ்வளவு வெள்ளையா வச்சிருக்க, பிள்ளைக்கு என்ன வந்துறப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தங்கமரியாள் மாடியேறினாள். பல்லி கூரையோரத்தில் அசையாமல் இருந்தது.

மறுநாள் காலை சுவரில் எண் இல்லை. அந்த இடத்தில் பச்சை நிறத்தில் எழுதியிருந்தது: வெறும் சளி.