கனமான கார்பனும் கிள்ளான் சுகுமாறனும்

"ஐயோ... என் பிள்ளைங்க!"

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையப் படிக்கட்டில் நிலானி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். மழைக்கு ஒதுங்க ஓடிவந்த ஒருவன் இடித்ததில், அவள் கைப்பெட்டி இரண்டு படி உருண்டிருந்தது.

அவன் மிரண்டுபோய்ச் சுற்றிலும் தேடினான். "எந்தப் பிள்ளைங்க?"

"பெட்டிக்குள்ள இருக்கு! கல்லீரல் செல்லுங்க... உயிரோட!"

"கல்லீரலா..." பெட்டியை எடுத்துப் பதமாக நீட்டினான். "சாரிங்க. மழையில ஒண்ணும் தெரியல லா."

"கண்ண எங்க வெச்சிருந்தீங்க?"

"இப்ப எங்க இருக்குன்னு சொன்னா... இன்னும் திட்டுவீங்க."

மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். நிலானியின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது! வெடுக்கென்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு எல்.ஆர்.டி. ரயில் பக்கம் நடந்தாள்.

நிலானி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். கல்லீரலில் கொழுப்பு எப்படி உருவாகிறது என்பது அவள் ஆராய்ச்சி. மூன்று நாளாக அந்தச் செல்களுக்குச் சர்க்கரை ஊட்டியிருந்தாள். அதில் இருந்தது சாதாரணக் கார்பன் அல்ல, கொஞ்சம் கனமான கார்பன். அது கொழுப்புக்குள் போய்ச் சேர்ந்திருந்தால், பல்கலைக்கழகத்தின் காந்த இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மதியம் பன்னிரண்டுக்குள் பார்த்தாக வேண்டும். அதற்குமேல் செல்கள் தாங்காது.

இயந்திர அறைக் கதவைத் திறந்தால்... அதே கண்கள்! சட்டையில் 'சுகுமாறன்' என்று பெயர். கையில் ஹீலியம் குழாய்.

"நீங்களா?"

"நானேதான். காந்தத்தக் குளிர வைக்கிற ஹீலியம் கொறஞ்சிருச்சு. நிரப்பி முடிக்க மத்தியானம் ஒரு மணி ஆயிடும்ங்க."

"அதுக்குள்ள என் செல்லு செத்துடும்! நாளைக்கு வந்து நிரப்புங்க."

"நாளைக்குள்ள காந்தமே போயிடும். அப்புறம் மாசக்கணக்குல யாருக்கும் மெஷின் கெடைக்காது."

"ஸ்பேனர் பிடிக்கிறவங்களுக்கு ஆராய்ச்சியப் பத்தி என்ன தெரியும்?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் சுருங்கிப்போனது. குனிந்து வேலையைத் தொடர்ந்தான். பசியாறப் போகவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பதினொன்றரைக்கே வேலையை முடித்து இயந்திரத்தை அவளிடம் விட்டான்.

திரையில் கோடு படுத்தே கிடந்தது... கிடந்தது... பிறகு ஓர் இடத்தில் மெல்லத் தலைதூக்கி, கூரிய முகடாக நிமிர்ந்தது. ஊட்டிய சர்க்கரை கொழுப்பாகியிருக்கிறது! உயிருள்ள செல்லுக்குள்ளேயே அதைப் பார்த்துவிட்டாள்!

"சுகுமாறன், இங்க பாருங்க!" துள்ளித் திரும்பினாள்.

அவன் போய்விட்டிருந்தான்.

அடுத்த மாதம் ஹீலியம் நிரப்ப வந்தவர் பழனியப்பன் அங்கிள். சுகுமாறன் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"சுகுவா? இந்த லேப் மட்டும் வேணாம்னு சொல்லிட்டான்மா. பாவம், லீவு நாள்லகூட கிள்ளான்ல அவங்கம்மா பூக்கடையிலதான் இருப்பான்."

நிலானிக்கு நெஞ்சு கனத்தது. அங்கிள் தந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்கலாமா? மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அழித்தாள். அவன் முகத்துக்கு நேரே சொன்னதை, முகத்துக்கு நேரேதான் திரும்ப வாங்க வேண்டும்... சனிக்கிழமை கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறிவிட்டாள்.

கடை வாசலில் கல்யாண மாலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான். உள்ளேயிருந்து அவன் அம்மா தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது திமிரு," என்றாள் நிலானி. அம்மா கேட்கிறாளே என்றுகூடத் தயங்கவில்லை. "நீங்க பட்டினியா வேலை செஞ்சதாலதான் என் செல்லு பிழைச்சுச்சு. என்னை மன்னிச்சிடுங்க. கோவத்துலதானே வர மாட்டேன்னீங்க?"

"கோவம் ரெண்டே நாளுதாங்க."

"அப்புறம் ஏன்...?"

அவன் தலை குனிந்தான். "ஹீலியம் நிரப்பும்போது கை ஆடக்கூடாது. நீங்க பக்கத்துல நின்னா... ஆடுது."

நிலானியின் கன்னம் சூடேறியது. ஓடிவிடலாமா? கால் நகரவில்லை.

"ஒரு மணி நேரம் கொமுட்டர்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். மன்னிப்புக் கேக்க மட்டும் யாராவது இவ்ளோ தூரம் வருவாங்களா?"

"வேற எதுக்கு...?"

"அதையும் நானேதான் சொல்லணுமா? பிடிச்சிருக்கு... உங்கள."

"டேய், பொண்ணே சொல்லிருச்சு! மரம் மாதிரி நிக்கிற. உட்காரச் சொல்லுடா!" என்றாள் தங்கமணி.

அவன் அவசரமாக நாற்காலியை இழுத்தான். "உட்காருங்க, நிலானி..."

"என் பேரு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே!"

"மெஷின் புக்கிங் லிஸ்ட்ல..." அவன் காது வரை சிவந்துவிட்டது. "தினமும் எடுத்துப் பார்த்துக்குவேன்."