மருந்துக்குட்டி

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். மத்தியான வெயிலில் மூன்று மாடி ஏறிவந்து நர்ஸ் அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு திறந்ததும், தரை துடைத்த பினாயிலையும் மீறித் திரிந்த பாலின் வாடை முகத்தில் அடித்தது.

"வாங்க சிஸ்டர்," என்றாள் அந்த வீட்டு அம்மா. "மருந்துக்குட்டி, ஓடியாடா செல்லம்!"

ஆறு வயதுச் சிறுமி வந்தாள். யாரும் சொல்லாமலே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். நரம்பே கிடைக்காத அளவுக்குக் கை கன்றிப்போயிருந்தது.

அம்மா கொண்டுவந்தது சோதனைக் குழாய் அல்ல, ரத்தம் பிடிக்கும் பை.

"இவ்வளவு எதுக்கும்மா?"

"இவ அண்ணனுக்கு. அவனுக்குப் பொருந்தற கருவா பார்த்துப் பொறுக்கி எடுத்தோம். அதுக்குத்தானே இவளைப் பெத்ததே?"

குடை வாங்கிய கதையைச் சொல்வதுபோல் அத்தனை இயல்பாகச் சொன்னாள்.

"முதல்ல பையனைப் பார்க்கணும்."

சிறுமி எம்பி நர்ஸின் காதில் கிசுகிசுத்தாள்.

"அண்ணன் போன மாசமே செத்துட்டான் அக்கா. இன்னும் குடிக்கறான்."

நர்ஸ் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

வாடை அங்கிருந்துதான் வந்தது. கட்டில் காலி. பக்கத்துக் கம்பியில் தொங்கிய பையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் முனை வெள்ளை விரிப்பின்மேல் சும்மா கிடந்தது.

விரிப்பில் ஒரு கறைகூட இல்லை.

தலையணை மெல்ல அமுங்கியது.

யாரோ சப்புக்கொட்டினார்கள்.

"பசிக்குது போல அவனுக்கு," அம்மா பின்னாலிருந்து குழைந்தாள். "சீக்கிரம் எடுங்க சிஸ்டர்."

பயத்தைவிட அருவருப்புதான் நர்ஸை உலுக்கியது. குழாயைப் பிடுங்கி எறிந்தாள்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு தாயா?"

சிறுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள். "இனிமே உங்கிட்ட யாரும் எடுக்க மாட்டாங்கடா கண்ணு. நான் இருக்கேன்ல?"

அன்றைக்கே புகார் கொடுத்தாள். சிறுமி சித்தி வீட்டுக்குப் போனாள். ஒரே மாதத்தில் கன்னம் உப்பி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு வம்புக்கு நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நர்ஸுக்குத்தான் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. டாக்டர் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க உடம்புல ரத்தம் பாதிகூட இல்லையேம்மா. யாருக்காவது கொடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

அவர் அவள் மணிக்கட்டைத் திருப்பினார். அங்கே புதிதாக ஒரு துளை இருந்தது.

சுற்றிலும் எச்சில் இன்னும் காயவில்லை.