சுவரோரத்துக் குடை

‘மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டேன். உடம்புச் சூட்டை மட்டும் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?’

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எந்த இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பார்க்க அப்பாவிடம் ஒரு வெப்பக் கேமரா இருந்தது. விடுமுறையில் அதை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணன் கண்ணாமூச்சி நடத்தினான். சூடானதெல்லாம் அதில் சிவப்பாகத் தெரியும். தினமும் முதலில் மாட்டுவது அவள்தான். “அடுப்பு” என்று பெயரே வைத்துவிட்டான்.

அவளுடைய ஜோடி, பக்கத்து வீட்டுப் பொடிசு. காலில் மாவுக்கட்டு, ஓட முடியாது.

“இன்னைக்கும் மாட்டினா நீங்க ரெண்டு பேரும் இனிமே ஆட்டத்துல கிடையாது,” என்றான் அண்ணன்.

பொடிசு உதட்டைப் பிதுக்கினாள். “என்னாலதானேக்கா?”

“அழாதே. யோசிக்க விடு.”

முதலுதவிப் பெட்டியில், உடம்புச் சூட்டை வெளியே விடாத ஒரு வெள்ளிப் போர்வை இருந்தது. அண்ணன் இல்லாத நேரம் பார்த்துக் கேமராவை அப்பாவிடம் கொடுத்து, இருவரும் அதைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் நின்றார்கள்.

“கேமராவுல மறைஞ்சிட்டீங்க,” அப்பா சிரித்தார். “கண்ணுக்குத்தான் கண்ணாடிக் கடை மாதிரி மின்னுறீங்க!”

அதன்மேல் சுவர் நிறத்தில் ஒரு பழைய திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டார்கள். மினுமினுப்புப் போனது. ஆனால் கேமராவில் தோள்கள் சிவந்தன.

“துணி உடம்புல ஒட்டுதுக்கா. டம்ளரைத் தொட்டாத்தானே சுடும்?” என்றாள் பொடிசு.

அதைக் கேட்டதும் அவள் துள்ளி எழுந்தாள். “ஒட்டாம நிறுத்த குடை இருக்கே!”

பெரிய குடையின் உட்புறம் வெள்ளிப் போர்வையைக் கட்டினார்கள். வெளியே, தரைவரை திரைச்சீலை. பின்பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே சேரும் சூடு அந்த வழியாகப் போய்விடும். குடையைக் கேடயம்போல் முன்னால் பிடித்து, நிழல் விழுந்த சுவரோரம் குந்தினார்கள்.

அண்ணன் வந்தான். காலடிச் சத்தம் நெருங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது. ‘பயந்தால் உடம்பு இன்னும் சூடாகுமோ?’

“மாட்டிக்கிட்டியா, அடுப்பு!”

பொடிசு அவள் கையை இறுக்கினாள். அண்ணன் பாய்ந்தது எதிரே இருந்த பெட்டியின் மேல். அதிலிருந்து பூனை ஒன்று சீறிக்கொண்டு குதித்து ஓடியது.

வாசல், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் என்று சுற்றி வந்தவன், கடைசியில் சுவர்ப்பக்கம் வந்து நின்றான்.

“தோத்துட்டேன்! வெளியே வாங்க!”

அவன் கால் அருகிலேயே சுவர் எழுந்து நின்றது. “ஐயோ!” என்று பின்னால் விழுந்தான்.

பொடிசு ஒற்றைக் காலில் குதித்துக் கத்தினாள். “ஜெயிச்சிட்டோம்!” மாடியில் இருந்து அப்பா கைதட்டினார்.

அண்ணன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். “சரியான ஆளுதான்! நாளைக்கு என் கட்சிக்கு வந்துடு. நம்மள யாரும் ஜெயிக்க முடியாது.”

“பொடிசு?”

“அவ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.”

அவள் குடையை மெல்ல மடக்கினாள். அதைப் பொடிசின் கையில் கொடுத்தாள்.

“நான் வரலண்ணா.”