நல்லா இருக்கிறவள்

அம்மா யாருடனோ சிரித்துப் பேசும் சத்தம் யோகப்பிரியாவை எழுப்பியது. அவள் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் அம்மா சிரித்து அவள் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்திருந்தது. நல்லேப்பிள்ளி வயல்களிலிருந்து வந்த தவளைச் சத்தமும், மழையில் ஊறிய வைக்கோலின் புளித்த வாடையும், அடுப்பில் அரிசி கொதிக்கிற வாசனையும் ஒன்றாய்க் கலந்து ஜன்னல் வழியே அவள் போர்வைமேல் படிந்துகொண்டிருந்தன. ஸ்காட்லாந்தில் படித்த காலமெல்லாம் இந்த வாசனைக்குத்தான் ஏங்கினாள். இப்போது அது மூக்கோடு நின்றுவிட்டது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

குளிர்காலத்தில் அந்த ஊரில் பிற்பகலிலேயே இருட்டிவிடும். முதலில் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு குளிப்பதை, பிறகு சாப்பிடுவதை. வீட்டுக்குப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் தலை சீவி, பொட்டு வைத்து, அறையில் சுத்தமாக இருந்த ஒரே மூலையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து, "நல்லா இருக்கேம்மா" என்பாள். வெளிநாடு போன பிள்ளை வீட்டில் தன் வெசனத்தைச் சொல்லக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளும் கற்றுக்கொண்டாள். அம்மா அந்த முகத்தைப் போனில் ஊர் முழுக்கக் காட்டிப் பூரித்துப்போனாள். கடைசியில் பல்கலைக்கழக மருத்துவர்தான் அவளை விமானம் ஏற்றி அனுப்பினார்.

இன்றைக்கு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டிலிலேயே செத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

அம்மா கோமதி, எண்ணெய் டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "சாப்புட்டியா கண்ணு?"

"சாப்புட்டேம்மா. பிரண்ட்ஸெல்லாம் சேந்து சமைச்சோம்."

போனில் பேசியது அவள் குரல்.

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். திரையில் அந்தச் சுத்தமான மூலை. விளக்கு. சீவிய தலை, பொட்டு. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சதை கூடியிருந்தது. பழைய வீடியோவாக இருக்க வேண்டும், சாமி, பழைய வீடியோவாக இருக்க வேண்டும்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இங்க உன்ற ரூமுல ஒண்ணு வந்து படுத்துருக்குது கண்ணு. பேச மாட்டேங்குது, திங்க மாட்டேங்குது. உன்ற மூஞ்சியேதான். ஆனா முழி சரியில்ல. எனக்குப் பயமா இருக்குது."

"தெரியும்மா," என்றது திரை. "கதவுக்கிட்டத்தான் நிக்குது."

அம்மா திரும்பினாள்.

இப்போதே சொல். நான்தாம்மா. எனக்கு முடியலம்மா. தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். உதடு தானாக விரிந்தது. பழகிய சிரிப்பு.

"நல்லா இருக்கேம்மா," என்றாள்.

அம்மா அலறவில்லை. அலறியிருந்தால்கூடத் தேவலை. போனை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கேட்டீங்களாம்மா?" சேலை மடிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரூமுல உட்டுப் பூட்டிருங்க. நான் கௌம்பிட்டேன். இந்தா, வந்துட்டேன்."

"போ சாமி. உள்ள போ." தெருநாயை விரட்டாமல் விரட்டுவது போலக் கெஞ்சினாள் அம்மா.

யோகப்பிரியா போனாள். அம்மா சொன்னால் கேட்டுத்தான் பழக்கம். பூட்டு விழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே, வயல் ரோட்டில் கார் வெளிச்சம். வாசலில் நின்றது. அப்பா அப்புசாமி துண்டு நழுவ ஓடினார். "வந்துட்டியா ஆத்தா!" கதவு திறந்தது. பெட்டி இறங்கியது. திரையில் இருந்த அது இறங்கியது. அப்பா அதன் தலையைத் தடவினார்.

யோகப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கத்தப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

அம்மா ஜன்னலருகே வந்தாள். தனியாக. வெகுநேரம் பார்த்தாள். கம்பிக்குள் கைவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"ஆருன்னு எனக்குத் தெரியாமயா கண்ணு?" என்றாள் மெதுவாக. "ஆனா ஊரு பூராத்துக்கும் அவளத்தான காட்டியிருக்கறேன்."

ஜன்னல் கதவைச் சாத்தினாள். வெளியே கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்தில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.