வேதகிரிக்கு ஒரு கரண்டி

வேதகிரிக்கு இரண்டரை வயது. அந்த வயதுக்கு அவன் கெட்டிக்காரன்தான். ஆட்டின் கயிற்றை அவிழ்க்கத் தெரியும். அம்மாவின் சுருக்குப்பையை ஒளித்துவைக்கத் தெரியும். ஒளித்துவைத்த இடத்தை மறக்கவும் தெரியும். தெரியாத வேலை ஒன்றே ஒன்றுதான். சோறு தின்பது.

பசி இல்லாமல் இல்லை. தட்டைப் பார்த்ததுமே கண் இரண்டும் பளபளக்கும். வலது கையால் ஒரு பிடி அள்ளுவான். அந்தச் சோறு உத்திரமேரூர் பஸ் மாதிரி. கிளம்பும்போது நல்ல கூட்டம். முழங்காலில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். வயிற்றில் கொஞ்சம் பேர், மோவாயில் மீதிப் பேர். வாய்க்கு வந்து சேரும்போது வண்டி காலி.

இடது கை உதவிக்கு வந்தால் யாராவது அதைப் பிடித்து மெல்ல விலக்கிவிடுவார்கள். அம்மா செங்கேணி விலக்குவாள். அக்கா பாஞ்சாலி விலக்குவாள். பால்வாடியில் சோறு போடும் சிட்டம்மாளும் விலக்குவாள். சோற்றுக்கை என்று ஒன்று இருக்கும்போது மற்றக் கைக்குத் தட்டில் என்ன வேலை? ஊருக்கே தெரிந்த விஷயம் அது.

அப்புறம் வேதகிரி குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அக்கா வந்து ஊட்டுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

அக்காவும் தினம் வந்தாள். பாஞ்சாலி ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் நடுவில் ஒரு புங்கமரம்தான். மதிய மணி அடித்ததும் ஓடிவந்து ஊட்டுவாள். வேதகிரி ஒரு வாய் வாங்கிக்கொண்டு காக்காவைப் பார்ப்பான். இன்னொரு வாய் வாங்கிக்கொண்டு எறும்போடு பேசுவான். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மணி அடித்து, கணக்குப் பாடம் பாதி போயிருக்கும். அதனால் வகுத்தல் கணக்கை எப்படித் தொடங்குவது என்று பாஞ்சாலிக்குத் தெரியாது. மீதி எங்கே எழுதுவது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒரு புதன்கிழமை தலைமையாசிரியர் செங்கேணியைக் கூப்பிட்டனுப்பினார். தினமும் அரைமணி நேரம் தாமதமாக வந்தால் எப்படிப் படிப்பு ஏறும் என்று கேட்டார். அங்கிருந்து செங்கேணி பால்வாடிக்குப் போனாள். சிட்டம்மாளோ, முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குத் தான் ஒருத்திதான் என்றும், தானாகச் சாப்பிடும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம், ஊட்டவேண்டிய பிள்ளையோடு ஓர் ஆள் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை நடவு ஆரம்பம். செங்கேணி போகாமல் இருக்க முடியாது. பாஞ்சாலியின் நைனா செங்கல் சூளைக்குப் போயிருந்தார். நடவு முடிந்த பிறகுதான் வருவார்.

"பாஞ்சா, நடவு முடியற வரிக்கும் நீ வூட்லயே இருந்து தம்பியப் பாத்துக்க. பத்து நாளுதான்" என்றாள் செங்கேணி. மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

பாஞ்சாலிக்குப் பக்கத்து வீட்டுக் கனகாவின் நினைவு வந்தது. அவளும் பத்து நாள் என்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அது இரண்டு நடவுக்கு முன்னால். அவளுடைய பள்ளிக்கூடப் பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. உள்ளே இருப்பது வெண்டை விதை.

"அவனே சாப்ட்டான்னா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டான்னா நீ இஸ்கூலுக்குப் போ. நானா வேணான்றேன்?"

பால்வாடியில் ஒரு கரண்டி இருந்தது. மாவு அள்ளும் தகரக் கரண்டி. போன மாதம் சிட்டம்மாள் அதை வேதகிரியிடம் கொடுத்துப் பார்த்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அன்றிலிருந்து கரண்டி என்று எதைப் பார்த்தாலும் அவன் வாய்க்குப் பூட்டு.

வியாழக்கிழமை பாஞ்சாலி அந்தக் கரண்டியை வாங்கித் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. இதைக் கொடுத்துவிட்டு வாயைத் திற என்றால் எந்தப் பிள்ளை திறக்கும்? வாய்க்குள் போகும் சாமானை வாயிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் ஒரு கொட்டாங்குச்சித் துண்டை எடுத்துத் துணி துவைக்கும் கல்லில் ஈரமணல் போட்டுத் தேய்த்தாள். தேய்ப்பாள், தன் உதட்டில் ஒரு இழுப்பு இழுப்பாள். சுரீர் என்றால் மறுபடியும் தேய்ப்பாள். இருட்டுவதற்குள் கொட்டாங்குச்சி வழவழப்பானது. பாஞ்சாலியின் உதடுதான் முருங்கைக்காய் மாதிரி வீங்கிப்போனது.

ஒரு குச்சியின் நுனியைப் பிளந்து, கொட்டாங்குச்சியை அதில் செருகிக் கம்பியால் கட்டினாள். கம்பி முனை அவள் கன்னத்தையே குத்தியது. கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பனைநாரால் இறுக்கிக் கட்டினாள். அம்மாவின் அகப்பை மாதிரி நீளமான பிடி. வெள்ளிக்கிழமை காலையில் வேதகிரி அதைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் தன் காதுக்குக் கூழ் ஊட்டினான்.

பிடியைப் பாதியாக வெட்டினாள். இப்போது அது அவன் கைக்குள் உருண்டது. வாய்க்குப் பக்கத்தில் வரும்போது கரண்டி கவிழ்ந்துகொண்டது.

சனிக்கிழமை முழுக்க யோசித்தாள். கரண்டி நேராக இருப்பதால்தானே கையை வளைக்கவேண்டி இருக்கிறது? கரண்டியே வாய்ப்பக்கம் திரும்பி இருந்தால்? பனைநாரைப் பிரித்து, கொட்டாங்குச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டினாள். தானே கூழ் குடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. நன்றாக இருக்கிறதே என்று இன்னும் மூன்று கரண்டி குடித்தாள்.

வேதகிரியிடம் கொடுத்தாள். அவன் கரண்டியைக் கைமாற்றப் பார்த்தான். பாஞ்சாலி அதை அவனுடைய வலது கையிலேயே பிடித்துவைத்தாள். அவன் கரண்டியைத் தூக்கி எறிந்தான். ஓடிவந்த ஆடு அதை நக்கிச் சுத்தம் செய்தது. அந்த வீட்டில் கரண்டியை மெச்சியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஞ்சாலி வாசலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு நாள். வேதகிரி வழக்கம்போல் ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆடு இழுத்தது. அவன் விடவில்லை. ஆடு நடந்தது. அவன் பின்பக்கம் மண்ணில் உரச உரசக் கூடவே போனான். அப்போதும் விடவில்லை.

எதைக் கொடுத்தாலும் நழுவவிடும் பிள்ளைக்கு இந்தக் கொம்பு மட்டும் ஏன் நழுவவில்லை?

பாஞ்சாலி எழுந்து கிட்டே போனாள். கொம்பு அவள் கட்டைவிரலைவிடப் பருமனாக, அவன் உள்ளங்கைக்கு நிறைவாக இருந்தது. குச்சி மெலிசு, அதனால்தான் உருண்டது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் திரும்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொம்பைப் பிடித்திருந்தது இடது கை.

ஒரு கூழாங்கல்லை நீட்டினாள். இடது கையால் வாங்கினான். நுங்கு வண்டியைக் கொடுத்தாள். அதற்கும் இடது கைதான் வந்தது. வேதகிரி இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று சிரித்தான். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுக்கு வந்த அந்தக் கையைத் தான் எத்தனை தடவை விலக்கியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். வேலை தெரிந்த கையைத் துரத்திவிட்டு, தெரியாத கையை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் பிள்ளைக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது அவள் மூக்கைக் கிள்ளியது. அதுவும் நல்ல பிடிதான்.

நுணாக் கட்டையில் கொம்புப் பருமனுக்கு ஒரு குட்டைப் பிடி வெட்டினாள். கொட்டாங்குச்சியை இந்த முறை மறுபக்கம் சாய்த்துக் கட்டினாள். முதலில் தன் உதடு, பிறகு தன் கன்னம், அதற்குப் பிறகுதான் தம்பி. வீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கிண்ணத்தில் கூழ் ஊற்றினாள். வேதகிரி கரண்டியைச் சந்தேகமாகப் பார்த்தான். நாக்கை நீட்டித் தொட்டான். குத்தவில்லை. ஒரு வாய் போனது. இன்னொரு வாய் போனது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"க்கா, இன்னும்" என்றான்.

அந்தச் சத்தம் கேட்டு செங்கேணி வந்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. கையைப் பார்த்துச் சுருங்கியது.

"இன்னாடி இது, பீச்சாங்கையில?"

கரண்டியை எடுத்து அவனுடைய வலது கையில் வைத்தாள். அடுத்த வாய் நேராகத் தோளுக்குப் போனது. செங்கேணி பெருமூச்சு விட்டாள்.

"வேணாம் பாஞ்சா. இப்பவே பயக்கமாயிடும். நாளைக்கி நாலு பேரு எதிர்ல எல போட்டு ஒக்காரும்போது, வளத்தவ சொல்லித்தரலியான்னு கேப்பாங்க."

பாஞ்சாலி கரண்டியைக் கழுவிக் கூரையோர இறவாணத்தில் செருகி வைத்தாள். புத்தகப் பையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அதில் வெண்டை விதை எத்தனை கொள்ளும் என்று கண் தானாகவே அளந்து பார்த்தது.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செங்கேணி சோற்றைப் பிசைந்தாள். குழம்பு போதவில்லை. சட்டியிலிருந்த அகப்பையை எடுத்துத் தட்டில் ஊற்றப் போனாள். பாஞ்சாலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. அகப்பைய எந்தக் கையில புடிச்சிக்கினு கீற?"

செங்கேணி குனிந்து பார்த்தாள். அகப்பை இடது கையில் இருந்தது.

"சோத்துக்கை எச்சக்கையாச்சே. அதான் இந்தக் கையில எடுத்தேன். எல்லாரும் இப்பிடித்தான எடுப்பாங்க?"

"ஆமாம்மா. தம்பியும் அப்பிடித்தான் எடுத்தான். அவன் கை சோத்தத் தொடவே இல்ல. கரண்டிதான் தொட்டுச்சி."

செங்கேணியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு அவள் முழங்காலில் இறங்கியது. அதைப் பார்த்து வேதகிரி கைதட்டினான். தன்னைப்போல் இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

செங்கேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் இறவாணத்தைப் பார்த்தாள்.

"அத்த எடுத்தாந்து குடு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் நடவுக்குப் போகும் வழியில் செங்கேணி பால்வாடிக்குள் நுழைந்தாள். சிட்டம்மாள் கரண்டியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ எந்தக் கையால் குழம்பு ஊற்றிக்கொள்கிறாய் என்று செங்கேணி அவளைக் கேட்டாள். சிட்டம்மாள் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே செங்கேணி வயலுக்குப் போய்விட்டாள்.

மதியம் பாஞ்சாலி பால்வாடிக்குள் போகவில்லை. புங்கமரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். சாம்பார் சாதம். வேதகிரி கரண்டியைப் பிடித்தான். முதல் பஸ் கிளம்பியது. முழங்காலில் யாரும் இறங்கவில்லை. வயிற்றில் இறங்கவில்லை. ஒரே ஒரு பருக்கை மட்டும் மூக்கு நுனியில் இறங்கிக்கொண்டது. மீதிக் கூட்டம் முழுக்க வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

நடுவில் அவன் காக்காவையும் பார்த்தான், எறும்போடும் பேசினான். ஆனால் இப்போது அது அவன் பாடு.

அன்றுதான் பாஞ்சாலி இரண்டாவது மணியைத் தன் இடத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஆசிரியர் கரும்பலகையில் வகுத்தல் கணக்கைப் போட்டார். முதலில் எத்தனை தடவை அடங்கும் என்று பார்க்கவேண்டுமாம். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

நான்கு மணிக்குச் சிட்டம்மாள் புங்கமரத்தடியில் காத்திருந்தாள்.

"பாஞ்சா, என்னாண்ட சின்னப் புள்ளைங்க இன்னும் ஆறு பேரு கீறாங்க. அதுங்களுக்கும் செஞ்சி குடேன். ஆனா எது எந்தக் கைன்னு எப்பிடிக் கண்டுபுடிப்ப?"

"நாளைக்கி எங்க ஆட்ட இட்டாரேன், அத்தே" என்றாள் பாஞ்சாலி.

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு பிள்ளைகளும் வரிசையாக வந்து கொம்பைப் பிடித்தார்கள். ஐந்து வலது, ஒன்று இடது. அந்த வாரம் முழுக்கக் கனகாவும் வந்து கூட உட்கார்ந்து கொட்டாங்குச்சி தேய்த்தாள். ஆறு பேருக்கு ஏழு கரண்டி எதற்கு என்று சிட்டம்மாள் கேட்டாள். பாஞ்சாலி ஏழாவதைக் கனகாவின் கையில் வைத்தாள். கனகாவுக்கும் ஒரு தம்பி இருக்கிறான், அவன் இன்னும் பால்வாடிக்கு வரவில்லை. வந்துவிட்டால் கனகாவின் பையிலிருந்து வெண்டை விதையைக் கொட்டிவிடலாம்.

அந்த ஊரில் எல்லோருக்கும் கரண்டி பிடித்துப்போனது. ஆட்டுக்கு மட்டும்தான் வருத்தம். சிந்திய கூழ் நின்றுபோனது ஒரு பக்கம் என்றால், அன்றிலிருந்து எந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்தாலும் அது தலையைக் குனிந்து கொம்பை ஒளித்துக்கொள்ளப் பார்த்தது.