ஒரு வாளி செல்லாத சிப்பிகள்

சனிக்கிழமை காலை பெல்ஜியத்தின் கெண்ட் ரயில் நிலையத்தில் யூத்தா தன் வாளியைத் தூக்கி வைத்ததும் ரயிலே ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவு கனம். உள்ளே நாலாயிரம் கத்திச்சிப்பிகள் இருந்தன. சரி, நானூறாவது இருக்கும். விரல் நீளத்தில், மடக்கிய சவரக்கத்தி போல இருக்கும் அந்தச் சிப்பிகளைக் கோடை விடுமுறை முழுக்க டெ பன்னே கடற்கரையில் முதுகு வளையப் பொறுக்கியிருந்தாள்.

“இதுக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுத்திருக்கணும்டி” என்றான் சீபே.

ஃபீன் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நனைந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் அப்பாவோடு நார்வேக்குப் போகிறாள். ஒரேயடியாகப் போகிறாள். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு. அதனால்தான் இந்த இரண்டு நாள், கடலோர ஊரான ஓஸ்டெண்டில் சீபேயின் அத்தை வீட்டில்.

யூத்தாவின் வயிற்றில் ஒரு பொய் இருந்தது. அதற்கு ஒரு வயது முடிந்திருந்தது.

அந்த நாட்டுக் கடற்கரைகளில் எல்லாம் பிள்ளைகள் கிரேப் என்னும் சுருக்கத் தாளில் பூக்கள் செய்வார்கள். மணலில் மேடை கட்டி, பூக்களைக் குத்தி வைத்து விற்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். சிப்பிதான் விலை. நாட்டின் மந்திரியே நோட்டுக்கட்டை நீட்டினாலும் ஓர் இதழ் கிடைக்காது. போன கோடையில் டெ பன்னேயில் ஃபீன் அரை நாள் சிப்பி தேடி, தன் தலையைவிடப் பெரிய நீலப் பூ ஒன்று வாங்கினாள். சாயங்காலம் அதைக் காணவில்லை.

“காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சு” என்று சொன்னாள் யூத்தா.

காற்று பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. யூத்தாதான் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பொய் வேகாத உருளைக்கிழங்கு மாதிரி வயிற்றிலேயே கிடந்தது. ஃபீன் போவதற்குள் ஒரு நீலப் பூ வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கோடையில் டெ பன்னேயில் ஒரு நீலப் பூகூட விலைக்கு வரவில்லை, ஓஸ்டெண்டில் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். கொடுத்த கையோடு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையோடு போய்ச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஓஸ்டெண்டில் வானம் அவ்வளவு தாழ்ந்திருந்தது. கடற்காகங்கள் தலை இடிக்குமோ என்று பயந்து நடந்தே போயின. கடலும் சாம்பல், மணலும் சாம்பல், கட்டடங்களும் சாம்பல். கோதலீவ் அத்தை நடைபாதைப் பெஞ்சில் குடையை விரித்தார், ஒரு கிண்ணம் கடல் நத்தைச் சூப்பைக் குடித்தார், உடனே தூங்கிப்போனார். அவர் விட்ட குறட்டையைக் கேட்டு, துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது.

கடற்கரை முழுக்கத் தேடியும் ஒரே ஒரு பூக்கடைதான் திறந்திருந்தது. மஞ்சள் மழைக்கோட்டுக்குள் ஏழு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் லிண்டே. முன்னால் ஒன்பது பூக்கள். ஓரத்தில் ஒரு பெரிய நீலம்!

யூத்தா வாளியை மேடை முன்னால் இறக்கினாள். “எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. எனக்கு அந்த நீலம் வேணும்.”

லிண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். “இது என்ன?”

“கத்திச்சிப்பி.”

“அது டெ பன்னேல செல்லும். இங்க ரோஸ் சிப்பி மட்டும்தான். நீலத்துக்கு ஒரு பிடி.”

“ஒரு வாளியே தர்றேனே!”

“பத்து வாளி தந்தாலும் செல்லாது.”

சீபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ரெண்டு மாசம் பொறுக்கினியே, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டியாடி?”

யூத்தாவின் காதுகள் சிவந்தன. மணலில் குனிந்து தேட ஆரம்பித்தாள். ரோஸ் சிப்பி நகத்தளவுதான் இருக்கும், அதுவும் தொட்டால் நொறுங்கும். கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தேடி, காலுறை நனைந்து, மூக்கு ஒழுகி, கிடைத்தது ஏழு.

“ஏழு ஒரு பிடியா?” என்றாள் லிண்டே. “எங்க அக்கா கைதான் அளவு. அக்கா கை பெருசு.”

“அக்கா எங்கே?”

“அப்பம் வாங்கப் போனா. கடையை விட்டு நகராதேன்னு சொல்லிட்டுப் போனா.” லிண்டேயின் குரல் கொஞ்சம் தேய்ந்தது. “போயி ரொம்ப நேரமாச்சு.”

அப்போதுதான் மழை வந்தது. அது மழையே அல்ல. யாரோ கடலைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, கை தவறிப் போட்டுவிட்டார்கள்.

“ஓடு!” என்று கத்திவிட்டு சீபே நடைபாதைக் கூரையை நோக்கிப் பறந்தான். ஃபீனும் ஓடினாள்.

லிண்டே ஓடவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பூக்களின் மேல் கவிழ்ந்தாள். ஒன்பது பூவை மறைக்க அந்தக் குட்டிக் கைகள் போதுமா? சிவப்புப் பூ ஒன்று அழ ஆரம்பித்தது. சாயம் சொட்டுச் சொட்டாக மணலில் இறங்கியது. லிண்டேயும் சத்தமில்லாமல் அழுதாள்.

யூத்தா வாளியைப் பார்த்தாள். ஒரு கோடைக்காலம் முழுக்க அதற்குள் இருந்தது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனால், அடுத்த வருஷம் டெ பன்னேயில் செல்லும்.

ஒரே கவிழ்ப்பு! நானூறு சிப்பிகளும் சலசலவென்று மணலில் கொட்டின. காலி வாளியை அப்படியே பூக்களின் மேல் கவிழ்த்தாள். ஏழு பூக்கள் உள்ளே அடங்கின. நீலமும் இன்னொன்றும் விளிம்புக்கு வெளியே நின்றன. அவற்றின் மேல் தன் சாம்பல் கோட்டைக் கழற்றிப் பிடித்தாள்.

“உனக்குக் குளிரும்” என்றாள் லிண்டே.

“குளிரட்டும். நீ அந்தப் பக்கம் பிடி.”

கோட்டின் மூன்றாவது முனையை ஒரு கை பிடித்தது. ஃபீன் திரும்பி வந்திருந்தாள். சற்று நேரத்தில் நாலாவது முனையும் உயர்ந்தது.

“என் ஷூ புதுசு, தெரியுமா?” என்று முனகினான் சீபே. “இது காகிதம்டி! காகிதத்துக்காக நாலு பேர் நிமோனியா வாங்கப் போறோம்!” ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மழை ஓய்ந்தபோது, கையில் அப்பத்தோடு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“சாரிடி குட்டி, கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்...”

“பேசாதே” என்றாள் லிண்டே. அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். பிறகு யூத்தாவிடம் திரும்பினாள். “நான் சும்மா எல்லாம் தர மாட்டேன். கடைன்னா கடைதான்.”

“தெரியும்” என்றாள் யூத்தா.

“அந்த ஏழு சிப்பியையும் எடு.”

யூத்தா எடுத்தாள். லிண்டே தன் குட்டிக் கையை நீட்டினாள். ஏழு சிப்பிகளும் விழுந்ததும் விரல்களை மூடினாள். ஒன்று இடம் பற்றாமல் வெளியே எட்டிப் பார்த்தது.

“ஒரு பிடி சரியா இருக்கு.”

“ஏய், என் கைதானே அளவு!” என்றாள் அக்கா.

“நீ இல்லாதப்ப கடை என்னோடது. என் கைதான் அளவு.”

கோதலீவ் அத்தை இன்னும் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். மழை வந்ததே அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து நடுங்கினார்கள். யூத்தா நீலப் பூவை நீட்டினாள். அது பாதி நனைந்து, உறங்கும் கோழி மாதிரி தலை சாய்ந்திருந்தது.

“ஃபீன், போன வருஷம் உன் பூவைக் காத்து கொண்டுபோகலை. நான்தான்... அது மேல உக்காந்துட்டேன்.”

“தெரியும்” என்றாள் ஃபீன்.

“எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு நீ வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்த. பின்னாடி முழுக்க நீலம். ரயில்ல எல்லாரும் பாத்தாங்க.”

சீபே பெஞ்சிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தான். “எனக்கும் தெரியும்டி! டிக்கெட் பரிசோதகருக்கே தெரியும்!”

“பின்ன ஏன் ஒரு வருஷமா யாருமே சொல்லலை?”

“நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னியா,” என்றாள் ஃபீன், “கலைக்க மனசு வரலை.”

அன்று முழுவதும் வராத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை கெண்ட் நிலையத்திலும் தூறிக்கொண்டிருந்தது. பூவை இரண்டு நாளாகக் கீழே வைக்காததால் ஃபீனின் உள்ளங்கை நீலமாகியிருந்தது. அவள் அப்பா கார்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஃபீன் யூத்தாவைக் கட்டிப்பிடித்தாள். ஈரக் கையை அவள் முதுகில், சாம்பல் கோட்டின் மேல், அழுத்தி எடுத்தாள்.

“இப்ப மறுபடியும் உன் பின்னாடி நீலம்” என்றாள். ஏறினாள். கார் போய்விட்டது.

ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்த அந்தக் கோட்டைத் துவைக்க யூத்தாவின் அம்மா பதினேழு முறை கேட்டுப் பார்த்தார். குளிர்காலம் முடியும்வரை அவள் கொடுக்கவே இல்லை.